ஆகஸ்ட் விடுமுறையில் அம்மாவோடு மசாய் மாரா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை_கடற்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குக் கென்யாவில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போவோம் என்று வீட்டில் பேச்சு. நான், மனைவி, பத்து வயது மகள், அம்மா (68). வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒரு மான் வகை) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது மகளின் பிடிவாதம், அம்மாவுக்கு ஒரு சிங்கத்தைக் கிட்டப் பார்த்தால் போதுமாம். இங்கே ஒரு ஏஜென்ட் நைரோபியில் ஒரு இரவு, மாராவில் மூன்று இரவு என்று விலை தந்திருக்கிறார். ஆனால் கீழே சின்ன எழுத்தில் "பார்க் கட்டணம் தனி". எவ்வளவு வரும் என்று கேட்டால் "அங்கே போய்க் கட்டலாம் சேர், பெரிதாக வராது" என்கிறார். இங்கே யால, வில்பத்து காடுகள் பழக்கம்தான், அந்தக் கணக்கு அங்கே சரிவருமா தெரியவில்லை. அம்மாவுக்கு முதுகு நோவும் இருக்கிறது. சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதையும் யாராவது சொன்னால் புண்ணியம்.

கொட்டாஞ்சேனை_கழுகு:
"பெரிதாக வராது" என்று சொன்னவர் தன் காசில் போனவராக இருக்க மாட்டார். மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டொலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டொலர், 2024இல் இப்படி ஏற்றினார்கள். அதிலும் நாள் என்றால் 24 மணித்தியாலம் இல்லை, காலை 6 முதல் மாலை 6 வரைதான். மூன்று நாள் உள்ளே ஓடினால் ஒருவருக்கு 600, பெரியவர்கள் மூன்று பேருக்கும் 1800 டொலர், மகளுக்குக் குறைவு என்றாலும் அதுவும் சேரும். இது நுழைவுக் காசு மட்டும். அதனால் ஏஜென்டிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நாளுக்குக் கட்டணம், லொட்ஜ் காப்பகத்துக்கு உள்ளேயா வெளியேயா, வாகனம் உங்களுக்கு மட்டுமா அல்லது முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரே வேனில் ஏற்றுவார்களா.

ஆறு கடப்பதைப் பற்றி மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஜூலைக் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை மாராப் பக்கம் வில்டபீஸ்ட் கூட்டம் நிற்கும், ஆகஸ்ட் நல்ல மாதம்தான். ஆனால் எந்த நாள், எந்த இடத்தில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து மணிக்கணக்காக நிற்கும், முன்னால் நிற்கிற ஒன்று மிரண்டால் போதும், மொத்தமும் திரும்பி மேயப் போய்விடும், நீங்கள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டு வெயிலில் வாகனத்துக்குள் இருந்ததுதான் மிச்சம். "கட்டாயம் காட்டுவோம்" என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கரையில் வாகன நெரிசலும் பயங்கரம். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வாகனத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, விதி இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லுவேன். ஆற்றுக்கு மேற்கே மாரா ட்ரையாங்கிள் என்ற பகுதி 2001இலிருந்து தனி நிர்வாகத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் ஒழுங்கு பரவாயில்லை, தங்குமிடம் அங்கே கிடைத்தால் விடாதீர்கள்.

பொரளைச்_சந்தி:
காசுக் கதை முடிந்தது, நான் அம்மாவின் கதைக்கு வருகிறேன், இதை யாரும் கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் என்பது இலங்கையின் விதி. பொரளை எம்.ஆர்.ஐ.யில் (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) ஊசி போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். ஆனால் இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து போடுகிற ஊசி. 60 வயது தாண்டி முதன்முறை போடுகிறவர்களுக்கு அரிதாகப் பாரதூரமான பக்கவிளைவு வரலாம், கடும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது. ஆகவே விமான டிக்கெட் எடுக்க முன்னரே அம்மாவை டொக்டரிடம் காட்டுங்கள். எடுத்த பிறகு காட்டினால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து டொக்டரை நெருக்குவீர்கள்.

மலேரியாவை நாங்கள் மறந்தே போனோம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்துவிட்டதல்லவா. கென்யாவில் அது இன்னும் ஆளைக் கொல்கிற நோய். போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடுப்பு இயக்க அலுவலகத்தில் இலவசமாகவே தருகிறார்கள், வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் கொழும்பில் எந்த டொக்டரும் முதலில் டெங்கு என்றுதான் யோசிப்பார், ஆபிரிக்கா போய் வந்ததை நீங்களாகவே சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கக் கேளுங்கள்.

ரயில்_பைத்தியம்:
எல்லோரும் மாரா மாரா என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017இல் புது ரயில் விட்டார்கள், அது சாவோ காட்டுக்கு நடுவாலேயே போகிறது, வோய் ஸ்டேஷனில் இறங்கினால் சாவோ கிழக்குப் பூங்காவின் வாசல் பக்கத்தில்தான். அம்மாவின் முதுகுக்கு ரோட்டை விட ரயில் எவ்வளவோ மேல். சாவோ கிழக்கும் மேற்கும் சேர்ந்தால் இலங்கையில் மூன்றில் ஒரு பங்கு அளவு காடு, செம்மண்ணைப் பூசிக்கொண்டு சிவப்பாகத் திரிகிற யானைகள் அங்கேதான். 1898இல் ரயில் பாலம் கட்ட இந்தியாவிலிருந்து கூட்டிப்போன தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனதும் இதே சாவோவில், அதை அம்மாவிடம் போகும் முன் சொல்லாதீர்கள். அம்போசெலிப் பூங்காவும் தெற்கில்தான், விடியற்காலையில் மேகம் மூடாவிட்டால் கிளிமஞ்சாரோவும் யானையும் ஒரே படத்தில் விழும். மலை தன்சானியாவில், பார்க்கிற இடம் கென்யாவில்.

கொட்டாஞ்சேனை_கழுகு:
சாவோ நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் புல் உயரம், பற்றை அடர்த்தி, சிங்கம் படுத்திருந்தால் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு மாரா வெட்டவெளிதான் சரி. முதுகுதான் பிரச்சினை என்றால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம் போகிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் மாரா, ரோட்டால் போனால் ஐந்தாறு மணித்தியாலம். ஆளுக்கு 15 கிலோதான் விடுவார்கள், அதுவும் துணிப் பையில், சில்லு வைத்த பெட்டி ஆகாது.

வெள்ளவத்தை_கடற்கரை:
நன்றி அண்ணாமார். ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டேன், இப்போது "ஒரு நாளுக்கு மட்டும் நாங்கள் சேர்க்கலாம்" என்கிறார், வேறு இரண்டு இடத்தில் விசாரிக்கிறேன். அம்மாவுக்கு டொக்டர் அப்பொயின்ட்மென்ட் போட்டாயிற்று. சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே?

தோசைக்கல்:
அதில் கவலை வேண்டாம். குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக நைரோபியில் இருக்கிறார்கள், சைவக் கடைகளுக்குக் குறைவில்லை, சப்பாத்தி அந்த ஊர்க்காரர்களுக்கே வீட்டுச் சாப்பாடு. மாரா லொட்ஜ்களுக்கு முதலே சொல்லி வைத்தால் பருப்பும் சோறும் செய்து தருவார்கள், காரம் மட்டும் எங்கள் நாக்குக்குக் காணாது. ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டு போங்கள், ஆனால் பொலித்தீன் பையில் சுற்ற வேண்டாம். கென்யாவில் அதற்கு 2017இலிருந்து தடை, காப்பகங்களுக்குள் ஒருதடவை பாவிக்கிற பிளாஸ்டிக் போத்தலும் கூடாது. அம்மாவுக்கு ஸ்வெட்டர் ஒன்றும் வையுங்கள், ஆகஸ்ட் விடியலில் கூரை திறந்த வாகனத்தில் சரியான குளிர்.