மோபி டிக்: கரையை விட்ட பின் இஸ்மவேல் எங்கே போகிறான்?

பாய்மரம் எழுதியது:

ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலை இரண்டாம் முறை வாசித்து முடித்தேன். முதல் வாசிப்பில் உறுத்தலாக இருந்த ஒன்று இம்முறை பிழை என்றே உறுதிப்பட்டதால் இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். தன் பெயரைச் சொல்லிக் கதையைத் தொடங்குபவன் இஸ்மவேல். கையில் காசில்லாமல் மனம் இருண்டிருந்த காலத்தில் கடலுக்குப் போக முடிவெடுத்ததையும், நியூ பெட்ஃபோர்டு விடுதியில் குவீக்வெக் என்னும் எறியீட்டிக்காரனோடு ஒரே கட்டிலில் படுக்க நேர்ந்ததையும் சொல்லி, அவன் கண்வழியாகவே உலகைப் பார்க்க நம்மைப் பழக்குகிறான். பீக்வாட் என்னும் திமிங்கல வேட்டைக் கப்பல் நான்டக்கெட் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பின் அந்தக் கண் மெல்ல மெல்ல இல்லாமற் போகிறது. 37ஆம் அத்தியாயத்தில், தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் கப்பல் தலைவன் ஆகாப் தன் அறைச் சன்னலருகே தனியாக அமர்ந்து தனக்குத்தானே பேசுகிறான். 123ஆம் அத்தியாயத்தில், உறங்கும் ஆகாபைச் சுட்டுவிடலாமா என்று முதல் துணையதிகாரி ஸ்டார்பக் துப்பாக்கியுடன் அவன் அறைக் கதவருகே நின்று தத்தளிக்கிறான். அந்த இடத்தில் மூன்றாம் ஆள் இல்லை. அதை ஒரு சாதாரண மாலுமியிடம் சொல்லிக்கொள்ளும் இயல்பும் ஸ்டார்பக்குக்கு இல்லை. பிறகு அவனும் மூழ்கிவிடுகிறான். அப்படியானால் இஸ்மவேலுக்கு இது எப்படித் தெரிந்தது?

குருக்ஷேத்திரப் போரைச் சொல்லும் சஞ்சயனுக்கு வியாசர் ஞானக்கண் அருளினார் என்பதைப் பாரதம் நமக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. மெல்வில் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்யவே இல்லை. 3ஆம் அத்தியாயத்தில் கம்பீரமாக அறிமுகமாகும் பல்கிங்டன் என்னும் மாலுமி, 23ஆம் அத்தியாயத்தில் ஒரு சிறிய இரங்கலோடு முடிந்துபோவதையும் சேர்த்துப் பார்த்தால், எழுதும்போதே திட்டம் மாறிவிட்டது என்றும், முன்பகுதியை அதற்கேற்பத் திருத்தாமலே விட்டுவிட்டார் என்றும்தான் எண்ணத் தோன்றுகிறது.

நெய்தல் எழுதியது:

பாய்மரம் அவர்களே, இந்தக் கேள்வி 1851-இலேயே எழுந்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ‘திமிங்கலம்’ என்ற தலைப்பில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்த பதிப்பில், இஸ்மவேல் உயிர் பிழைத்ததைச் சொல்லும் பின்னுரை இடம்பெறவில்லை. எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொன்னவன் யார் என்று அங்குள்ள மதிப்புரையாளர்கள் குறைகூறினார்கள். பின்னுரையோடு கூடிய பதிப்பு அடுத்த மாதம் நியூயார்க்கில் வெளிவந்தது. அந்தப் பின்னுரையின் தலைப்பில், ‘நான் ஒருவன் மட்டும் தப்பி உமக்கு அறிவிக்க வந்தேன்’ என்று விவிலியத்தில் யோபுவிடம் ஓடிவரும் வேலைக்காரர்களின் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நாவலின் கதைசொல்லியை அந்தச் சொல்லிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவன் நிகழ்வதை நிகழும்போதே சொல்பவன் அல்லன். தன்னுடன் இருந்த அத்தனை பேரும் இறந்த பிறகு, அவர்களைக் கொண்டுபோய் அழித்த மனிதனின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தவன்.

நீங்கள் சுட்டிய 37ஆம் அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நாடகப் பிரதியில் வருவதுபோல, ‘அறை, பின்புறச் சன்னல்கள், ஆகாப் தனியே’ என்ற குறிப்போடு தொடங்குகிறது. 40ஆம் அத்தியாயம் முழுக்கவே பேசுபவர் பெயரிட்ட நாடகம். நான் இதைக் கண்டேன் என்று அவன் நம்மை ஏமாற்றவில்லை. இது நான் அமைத்த மேடை என்று வடிவத்தின் மூலமே ஒப்புக்கொள்கிறான். அந்த மேடை கலைந்தவுடன் 41ஆம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில், இஸ்மவேலாகிய நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், என் கூச்சலும் அவர்கள் கூச்சலோடு எழுந்தது, என் சத்தியமும் அவர்கள் சத்தியத்தோடு பிணைந்தது என்கிறான். ஆகாபின் தீராப் பகை தன் பகையாகவே தோன்றியது என்றும் சேர்த்துச் சொல்கிறான். அவன் குரல் காணாமற்போன இடத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து கத்தியவனுக்கு அந்த நேரத்தில் தனிக்குரல் இருந்திருக்க முடியாது.

பாய்மரம் எழுதியது:

41ஆம் அத்தியாயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்; அதை நான் அப்படி வாசிக்கவில்லை. ஆனால் 123ஆம் அத்தியாயத்தில் அத்தகைய மேடைக்குறிப்பு எதுவும் இல்லையே! அது நேரடியாக, நடந்தது நடந்தபடி என்ற தொனியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் இஸ்மவேலின் கற்பனை என்று கொண்டால் வேறொரு சிக்கலும் வருகிறது. ஆகாபின் மகத்துவம், அவன் பேச்சில் ஒலிக்கும் ஷேக்ஸ்பியர் முழக்கம், எல்லாமே இஸ்மவேல் சூட்டிய அணிகலன்கள் ஆகிவிடும். அப்போது ஆகாப் என்று ஒரு பாத்திரமே மிஞ்சாது.

கோதை எழுதியது:

குறியீடுகளை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது என்பதால் குறுக்கிடுகிறேன். இந்த நாவலில் எந்தப் பொருளும் பார்ப்பவரைப் பொறுத்தே பொருள்படுகிறது. வெள்ளைத் திமிங்கலம் ஆகாபுக்குத் தீமையின் முகமூடி. ஸ்டார்பக்குக்கு அது குருட்டு இயல்பூக்கத்தால் தாக்கிய வாயில்லா விலங்கு. அதைப் பழிவாங்கப் புறப்படுவதே தெய்வ நிந்தனை. இஸ்மவேலுக்கோ அச்சம் அதன் வெண்மையில் இருக்கிறது. 42ஆம் அத்தியாயத்தில் வெண்கரடி, அல்பட்ராஸ் பறவை, பனி மூடிய நிலம் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். இதை விளக்க முடியுமா என்று ஐயுறுகிறான், விளக்காவிட்டால் இத்தனை அத்தியாயங்களும் வீண் என்றும் தவிக்கிறான். இந்தத் தவிப்பை ஆகாபிடம் காண முடியாது. அதனால்தான் ஆகாபை முழுக்க இஸ்மவேலின் படைப்பு என்று சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இருவரின் பார்வைகளும் வேறு வேறு.

99ஆம் அத்தியாயத்தை இருவரும் தொடாததில் எனக்கு வருத்தம். கப்பலின் பாய்மரத்தில் ஆகாப் ஆணியடித்து வைத்த எக்வடார் பொற்காசின் முன் ஒவ்வொருவராக வந்து நின்று, தத்தம் மனத்தையே அதில் படித்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் வருபவன் கறுப்பினச் சிறுவன் பிப். வேட்டைப் படகிலிருந்து குதித்தால் உன்னை மீட்க வரமாட்டோம், அலபாமாவில் உன் விலையைப்போல் முப்பது மடங்குக்குத் திமிங்கலம் விலைபோகும் என்று அவனிடம் சொல்லப்பட்டது. அவன் மீண்டும் குதித்தான், நடுக்கடலில் தனியே விடப்பட்டான், அறிவு கலங்கினான். அடிமைமுறை சட்டமாக இருந்த நாட்டில் எழுதப்பட்ட இந்த வரியைக் கடந்துபோக என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. அந்தப் பிப் காசைப் பார்த்துச் சொல்வது இதுதான்: நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான், நாம் பார்க்கிறோம், நீங்கள் பார்க்கிறீர்கள், அவர்கள் பார்க்கிறார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணப் பாடமாக அவன் ஒப்பிக்கும் இதுவே கதைசொல்லல் பற்றி இந்நாவல் தரும் விளக்கம் என்று கருதுகிறேன். யார் இடத்தில் நின்று பார்ப்பது என்பது மெல்விலுக்கு மறந்துபோன கேள்வி அன்று.

நெய்தல் எழுதியது:

கோதை அவர்கள் படர்க்கை என்று சொன்னதும் கடைசி அத்தியாயமான 135-ஐ மறுபடியும் எடுத்தேன். மூன்றாம் நாள் வேட்டையில் ஆகாபின் படகைத் திமிங்கலம் சாய்க்கும்போது துடுப்பு வலிப்பவர்கள் மூவர் கடலில் விழுகிறார்கள். இருவர் படகின் விளிம்பைப் பற்றி மீண்டும் ஏறிவிடுகிறார்கள். மூன்றாமவன் பின்தங்கிப்போகிறான், ஆனால் இன்னும் மிதந்து நீந்திக்கொண்டிருக்கிறான். அந்த மூன்றாமவன் யார் என்று அங்கே சொல்லப்படவில்லை. பின்னுரையில்தான் இஸ்மவேல் அது தான் என்கிறான். தன் வாழ்வின் மிகக் கொடிய கணத்தை அவன் ‘நான்’ என்று சொல்லவில்லை, படர்க்கையில் சொல்லியிருக்கிறான். திட்டம் மாறியதால் விடுபட்ட ‘நான்’ இல்லை இது. பின்னுரையில் அவிழ்க்க வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டிக் கட்டிய முடிச்சு.

பாய்மரம் எழுதியது:

அந்த வரியை இப்போது தேடி வாசித்தேன். இரண்டு முறை இந்நூலைப் படித்தும் அந்த மூன்றாமவனை யாரோ ஒரு மாலுமி என்றே கடந்து வந்திருக்கிறேன். கதைசொல்லியின் மறைவு முழுவதும் கவனக்குறைவு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இருந்தாலும் இரண்டு இடங்களில் என் மனம் ஒப்பவில்லை. ஸ்டார்பக்கின் துப்பாக்கிக் காட்சி எனக்கு இன்னும் உரிமை மீறலாகவே படுகிறது. குவீக்வெக்குடனான நட்பைக் கரையில் அத்தனை அன்போடு கட்டிவிட்டு, கடலில் அதைப் பெரும்பாலும் கைவிட்டதற்கும் போதிய விடை கிடைக்கவில்லை. குவீக்வெக் கப்பல் தச்சனைக் கொண்டு தனக்கெனச் செய்வித்து, தன் உடலின் பச்சைக்குறிகளை மூடியில் செதுக்கிய சவப்பெட்டிதான் பிறகு மிதவையாகி, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் இஸ்மவேலைத் தாங்குகிறது. அந்தக் குறிகளைத் தொட்டபடி கிடந்தவன் தன் நண்பனைப் பற்றிப் பின்னுரையில் ஒரு சொல்லும் சொல்லவில்லையே. அதை எப்படி வாசிக்கிறீர்கள் என்று கோதை அவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

கோதை எழுதியது:

நெய்தல் அவர்கள் காட்டிய மூன்றாமவனைப் போலவேதான் வாசிக்கிறேன். தன்னையே பெயரிட முடியாதவன், நண்பனை எப்படிப் பெயரிடுவான்? ஆனால் துப்பாக்கிக் காட்சியில் நான் உங்கள் பக்கம்.