விலை காட்டும் செயலியும் தோட்டப்புற முகவர்களும்: பயிற்சியில் கண்டவை

மலேசியாவின் மூன்று ஊர்களில் வீடு, நில முகவர்களுக்குக் கருவிகளைக் கற்றுத் தரும் மூவர் எழுதியவை.

சுங்கை சிப்புட்டிலிருந்து

ஈப்போவில் இயங்கும் ஒரு சொத்து நிறுவனத்தில் பதிவு பெற்ற நெகோஷியேட்டராக (சொத்து முகவரின் கீழ் வீடு, நிலம் விற்றுத் தருபவராக) இருக்கிறேன். விலை காட்டும் செயலி, 360 பாகைப் படக்கருவி, விளம்பரம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றை எங்கள் ஊர்ப் பக்கத்து முகவர்களுக்குச் சொல்லித் தரும் பொறுப்பு சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. நெகோஷியேட்டராகப் பதிந்துகொள்வதற்கு இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு உண்டு என்பதும், அதில் சட்டமும் நடத்தை நெறியும் கற்பிக்கப்படுகின்றன என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கையில் வந்து சேரும் கருவிகளைக் கற்பிப்பது அவரவர் நிறுவனத்தின் பாடு.

முதல் வகுப்புக்கு 11 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். நான் திரையில் படங்களை ஓட்டி, செயலியின் பெருமைகளை ஒரு மணி நேரம் அடுக்கினேன். தேநீர் வந்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, தம் கையில் விற்பனைக்கு இருந்த ஒற்றை மாடித் தொடர் வீட்டின் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது 185,000 வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்கிறது; வீட்டுக்காரர் 250,000 கேட்கிறார். இந்த 185,000 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அந்த வகுப்பு அங்கேதான் தொடங்கியது.

செயலி எந்த விற்பனைகளை வைத்துக் கணக்கிட்டது என்று ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்தோம். அதில் இருந்தவை மூன்றே விற்பனைகள். ஒன்று மலிவு விலை வீடு. 1998-இல் அரசு விதிக்கும் உச்ச விலை 25,000 வெள்ளியிலிருந்து 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டதே, அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, 99 ஆண்டுக் குத்தகையில் பாதிக்கு மேல் ஓடிவிட்ட நிலத்தில் நிற்கும் வீடு. மூன்றாவதுதான் ஒப்பிடத் தக்கது. ஆனால் அதுவும் நிலம் கூடுதலாக உள்ள முனை வீடு. அக்காவின் வீட்டுக்காரர் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டி, தரைக்குக் கல் பதித்திருந்தது எந்த வரியிலும் இல்லை. கோலாலம்பூரில் ஒரே அடுக்குமாடியில் ஒரே அளவு வீடுகள் ஆண்டு முழுவதும் கைமாறுவதால் கணினியின் சராசரி ஓரளவு நிற்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று வீடுகள் மட்டும் விற்கும் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அது எப்படி நிற்கும்? மதிப்பீட்டறிக்கை தரும் உரிமை 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டப்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்கே உண்டு. செயலியின் எண்ணை மதிப்பீடு என்ற பெயரில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவைக்கும் நம்மவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து

எனக்கு நேர்ந்தது வேறு வகை. ஒரு பழைய வீட்டில் 360 பாகைப் படம் எடுக்கப் பழக்குவதற்காக இரண்டு இளைஞர்களை அழைத்துச் சென்றேன். அந்தக் கருவி நாலா பக்கமும் ஒரே நேரத்தில் பார்ப்பதால், எடுப்பவர் ஒளிந்துகொண்டு கைப்பேசியில்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவர் குளியலறைக்குள் போனார். மற்றவர் நாற்காலிக்குப் பின்னால் குந்தினார். வீட்டுப் பாட்டிக்கு இது ஏதோ விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தார். படத்தைத் திறந்து பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாமி மேடை, மாலை போட்ட தாத்தாவின் படம், மேசை மேல் பெயரும் கணக்கு எண்ணும் தெரியக் கிடந்த மின்கட்டண பில், அலமாரிக் கண்ணாடியில் நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருந்தவரின் முதுகு என அத்தனையும் அதில் இருந்தன. பாட்டி தாத்தாவின் படத்தை மட்டும் காட்டி, "இவரை எதற்கய்யா ஊருக்கெல்லாம் காட்டுகிறீர்கள்?" என்றார்.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வகுப்பில் எத்தனை முறை படித்தாலும், அந்த ஒரு கேள்வி பதிந்த அளவுக்கு அது பதியாது. இப்போது கருவியை வெளியே எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, எது தெரியலாம், எதை மூட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பழக்குகிறேன். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கூலிமிலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் பயின்ற ஒருவர், 320,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்றுப் பத்திரத்தின் முத்திரை வரி எவ்வளவு என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, அது சொன்ன 6,400 வெள்ளியை அப்படியே வாங்குபவரிடம் சொல்லிவிட்டார். குடிமக்களுக்கு முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2 விழுக்காடு என்பதால், சரியான தொகை 5,400 வெள்ளி. இயந்திரம் முழுத் தொகைக்கும் 2 விழுக்காடு போட்டிருந்தது. குத்தகை நிலத்தை நிரந்தர உரிமை என்று எழுதிய விளம்பரமும் என்னிடம் இருக்கிறது. வீட்டுக் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் விளம்பரம் எழுத உட்காரக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் விதி.

மீண்டும் சுங்கை சிப்புட்டிலிருந்து

பெஸ்தாரி ஜெயா நண்பரின் அறை நடையை நானும் எடுத்துக்கொள்கிறேன். என் இரண்டாவது வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் திரையைத் தொடவே இல்லை. கிராணி ஐயா ஒரு மணிலா அட்டையில் ஊரை வரைந்து, எந்தத் தாமான் எந்தப் பால்மரக் காட்டில் எழும்பியது, எங்கே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்தது, எங்கே மழைக்குத் தண்ணீர் ஏறும் என்று குறித்தார். நிலம் பற்றி இணையத்தில் ஒருவர் விசாரித்திருந்ததை நாங்கள் சாதாரண நில விற்பனையாக நினைத்திருந்தோம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலமென்றால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அவர்தான் நிறுத்தினார். இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின் கொடுமையைப் பார்த்துத்தான்; அந்த நினைவு இன்னும் உள்ள தலைமுறை கிராணி ஐயாவுடையது. இப்போது செயலி வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் அவருக்கே உரியது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவதற்கு மட்டும் என்னிடம் உதவி கேட்கிறார்.

அந்த அக்காவின் வீடு சென்ற மாதம் 228,000 வெள்ளிக்கு ஒப்பந்தமானது. செயலி நேற்றும் 185,000 என்றே காட்டியது.