குடியை விட முயற்சி பண்றவங்களோட ஊழியம், உள்ள கிடக்கிற கோபத்தை எப்படி விடுறது?

நெல்லை தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலி பக்கம் எங்க சபையில குடியை விட்டவங்களுக்கும் விட முயற்சி பண்றவங்களுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூடுகை நடக்கு, அதுல நான் கூடமாட உதவி பண்றேன். பாட்டு, ஜெபம், கொஞ்ச நேரம் வசனம், அப்புறம் அவங்க மனசு விட்டு பேசுவாங்க, கடைசியில டீயும் சுண்டலும். கேட்க லேசாத்தான் இருக்கும் ஆனா வாரம் பூரா போன் வரும், அதுவும் ராத்திரியிலதான் வரும்.

இப்ப விஷயம் என்னன்னா, கொத்தனார் வேலை பார்க்கிற ஒரு அண்ணன், மாசக்கணக்கா தொடாம இருந்தார். சபையில எல்லாரும் கூடி சாப்பிடுற அசன பண்டிகையில முன்னாடி நின்னு சாட்சி சொன்னார், அவங்க வீட்டு அக்கா அழுதுட்டே கேட்டுட்டு இருந்தாங்க. போன மாசம் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னு என்கிட்ட பணம் வாங்கினார், வாங்கின கையோட டாஸ்மாக் போயிட்டார். ராத்திரி அந்த அக்கா போன் பண்றாங்க, பின்னாடி சின்னப்பிள்ளை அலறுற சத்தம் கேட்குது. அடுத்த சனிக்கிழமை மனுஷன் குளிச்சு வெள்ளைச்சட்டை போட்டு முன்வரிசையில உட்கார்ந்து கையை தட்டி பாடுறார், பணத்தைப் பத்தியும் பேச்சில்ல அந்த ராத்திரியைப் பத்தியும் பேச்சில்ல. நான் ஒண்ணும் கேட்கல, சிரிச்சுட்டு டீ கொடுத்தேன். ஆனா உள்ள கொதிக்குது, அவர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சா எனக்கு ஆமென் சொல்ல வாய் வரமாட்டேங்குது.

எங்கப்பாவும் குடிச்சுத்தான் போனாங்க, கல்லீரல். அந்த கோபமா இந்த கோபமான்னு பிரிச்சு பார்க்கவும் தெரியல. சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சல் தணியணும்னு எபேசியர்ல இருக்கு, எத்தனையோ சூரியன் அஸ்தமிச்சாச்சு. "மன்னிச்சிரு தம்பி, ஜெபி"ன்னு எல்லாரும் சொல்றாங்க, ஜெபிக்கத்தான் செய்றேன். இந்த ஊழியத்துல இருக்கிறவங்க நிஜமா என்ன செய்வீங்க?

வார்டு சிஸ்டர்:
தம்பி, நான் குடிநோய் சிகிச்சை வார்டுல நர்ஸ். முதல்ல ஒண்ணு, பணத்தை கையில கொடுக்கிறதை இன்னையோட நிறுத்துங்க, பீஸ்னா ஸ்கூல் ஆபீஸ்ல நேரா கட்டிட்டு ரசீதை அந்த அக்காகிட்ட கொடுங்க, அரிசி பருப்புன்னா கடையில வாங்கி கொடுங்க. இது தண்டனை இல்ல. அவர் கையில காசு இருக்கிற நேரமும் மத்தியானம் 12 மணிக்கு கடை திறக்கிற நேரமும் சேரக்கூடாது, அவ்வளவுதான். கோபத்துல பாதி இதுலயே குறையும், ஏன்னா ஏமாந்துட்டோமேங்கிற எரிச்சலுக்கு இடமே இருக்காது.

அப்புறம் நோயைப் பத்தி. குடியை நிறுத்தின முதல் மூணு நாலு நாள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இல்லாதது கண்ணுக்கு தெரியறது, இதெல்லாம் ஆபத்து, ஆஸ்பத்திரியிலதான் பார்க்கணும், ஜெபக்கூட்டத்துல வச்சு பார்க்கிற காரியம் இல்ல. அது முடிஞ்சதும் எல்லாரும் ஆள் சரியாயிட்டான்னு நினைச்சுடறாங்க, ஆனா தூக்கமின்மை, எரிச்சல், திடீர்னு வர்ற ஆசை இதெல்லாம் மாசக்கணக்குல கிடக்கும். அமெரிக்க அரசோட போதை ஆராய்ச்சி நிறுவனம் நைடா சொல்ற கணக்குல, சிகிச்சை எடுத்தவங்கள்ல நூத்துக்கு 40ல இருந்து 60 பேர் வரைக்கும் திரும்ப விழறாங்க, பிபிக்கும் ஆஸ்துமாவுக்கும் சொன்னபடி மாத்திரை எடுக்காம நோய் திரும்புறவங்க அளவும் கிட்டத்தட்ட அதேதான். பிபி கூடிப்போனவர்கிட்ட துரோகின்னு நமக்கு தோணுதா? இவர் மேல தோணுது, ஏன்னா இந்த நோய் பொய் சொல்ல வைக்குது, பக்கத்துல இருக்கிறவங்களை அடிக்குது. அதனால உங்களுக்கு கோபம் வர்றது இயல்புதான் தம்பி, அதை பாவம்னு நினைச்சு உங்களையே வதைக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும், கோபம் முத்தினா என்ன ஆகும்னு நான் வார்டுல பார்க்கிறேன். குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிரம் மாத்திரையை ஆளுக்கு தெரியாம குழம்புல கலந்து கொடுத்துட்டு, அவர் குடிச்சதும் முகம் சிவந்து வாந்தி எடுத்து நெஞ்சு படபடன்னு அடிச்சு ஸ்ட்ரெச்சர்ல வருவார், கூட வந்தவங்க "படட்டும்"னு சொல்வாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, பல வருஷ கோபம். ஆனா உயிரே போகலாம், யாரும் இதை செய்யாதீங்க, அந்த மருந்து டாக்டர் மேற்பார்வையில அவருக்கு தெரிஞ்சே கொடுக்க வேண்டியது.

இன்று மட்டும்:
பிரதர், நான் ஒரு குடிநோயாளி, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிற அமைப்பு) கூட்டங்களுக்கு போறவன். நீங்க டீ கொடுக்கிற வரிசையில நின்னிருக்கேன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். வெள்ளைச்சட்டை போட்டு முன்வரிசையில உட்கார்றவனுக்கு உங்க சிரிப்புக்குள்ள என்ன இருக்குன்னு நல்லா தெரியும். வீட்ல எல்லார் முகத்தையும் வருஷக்கணக்கா படிச்சுப் பழகினவன் அவன். அவன் உரக்க பாடுறதே நீங்க கேட்டுடக்கூடாதேன்னு பயந்துதான். நீங்க கேட்காம இருக்கிறது அவனுக்கு கருணையா தெரியாது, வர்ற அடி தள்ளிப்போயிருக்குன்னுதான் தெரியும்.

ஏஏவோட பன்னிரண்டு படியில நாலாவது படின்னு ஒண்ணு இருக்கு. யார் மேல மனக்கசப்பு, எதுக்காக, அது என்கிட்ட எந்த இடத்தை தொட்டது, காசா பயமா கௌரவமா, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதணும், மனசுல நினைச்சா பத்தாது. எழுதினதை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டு படிக்கணும், அது அஞ்சாவது படி. குடிக்காதவங்களுக்கும் இது வேலை செய்யும். நீங்க எழுதினா அண்ணன் பேர் ஒரு வரியிலயும் அப்பா பேர் இன்னொரு வரியிலயும் வரும், பிரிச்சு பார்க்க தெரியலன்னீங்களே, பேனா பிரிச்சுடும்.

ஏஏவை ஆரம்பிச்ச பில் வில்சன் குடியை விட்ட புதுசுல, 1935 ஆரம்பத்துல, மாசக்கணக்கா குடிகாரங்களை தேடித்தேடி போய் பேசினார், ஒருத்தர் கூட தெளியல. மனுஷன் சலிச்சுப்போய் வீட்ல சொன்னப்ப அவர் மனைவி லோயிஸ் சொன்னாங்க, நீங்க குடிக்காம இருக்கீங்களேன்னு. அவருக்கு சிகிச்சை கொடுத்த டாக்டர் சில்க்வொர்த் சொன்னது இன்னொண்ணு, பிரசங்கத்தை விட்டுட்டு முதல்ல நோயைப் பத்தி பேசுங்கன்னார். அதுக்கப்புறம்தான் ஆக்ரன்ங்கிற ஊர்ல, ஏஏவை அவரோட சேர்ந்து ஆரம்பிச்ச டாக்டர் பாபை பார்த்தார். ஒருத்தன் தெளியறது நம்ம கையில இல்ல பிரதர். அவன் சாட்சியை நம்ம ஊழியத்தோட மார்க் ஷீட்டா வச்சுக்கிட்டா அவன் விழும்போதெல்லாம் நாம ஃபெயில் ஆன மாதிரி எரியும்.

தூத்துக்குடி அக்கா:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா எல்லாரும் அந்த அண்ணனையும் தம்பியையும் பத்தியே பேசுறீங்க. நான் குடிக்கிறவர் வீட்ல வாழ்ந்தவ. எங்க வீட்டுக்கு வந்த ஊழியக்காரங்க எல்லாரும் நல்லவங்கதான், வந்து உட்கார்ந்து காபி குடிச்சு ஜெபிச்சுட்டு "பொறுத்துக்கோம்மா, கர்த்தர் மாத்துவார்"ன்னு சொல்லிட்டு போவாங்க. என் கையில இருக்கிற கன்னிப்போன காயத்தை யாரும் பார்த்த மாதிரியே காட்டிக்க மாட்டாங்க. அந்த நேரத்துல ஒருத்தராவது எனக்காக கோபப்பட்டிருந்தா எவ்வளவு பலமா இருந்திருக்கும்!

அதனால தம்பி, அந்த ராத்திரி பிள்ளை அலறினதுக்கு உங்களுக்கு வந்த கோபத்தை அவசரப்பட்டு தூக்கி எறியாதீங்க. அதை வச்சு அந்த அக்காகிட்ட போங்க, உங்க சபையில ஒரு பெரியம்மாவை கூட கூட்டிட்டு போங்க. அடி விழுதான்னு கேளுங்க, ராத்திரி ஓடிப்போய் தங்க ஒரு வீடு பேசி வையுங்க, 181 பெண்கள் உதவி எண்ணை அவங்க போன்ல போட்டு கொடுங்க. மன்னிப்பைப் பத்தி நீங்களா பேச்செடுக்காதீங்க, அது அவங்களுக்கு எப்ப வருமோ அப்ப வரட்டும். என்னை மாதிரி குடும்பத்தினருக்கு அல்அனான்னு கூட்டம் இருக்கு, லோயிஸ் 1951ல ஆரம்பிச்சதுதான். இந்த குடிக்கு நான் காரணம் இல்ல, என்னால கட்டுப்படுத்தவும் முடியாது, குணமாக்கவும் முடியாதுன்னு அங்க கத்துக்கிட்ட பிறகுதான் ராத்திரி தூங்க ஆரம்பிச்சேன்.

நெல்லை தம்பி:
அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவை படிச்சுட்டேன். அந்த அக்காவை நாங்க யாரும் தனியா போய் பார்க்கவே இல்ல, ஞாயித்துக்கிழமை எங்க பெரியம்மாவோட போறேன். சிஸ்டர், பிரதர், நன்றி, இன்னைக்கே எழுத உட்கார்றேன். ஒரே ஒரு சந்தேகம், இவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டு அந்த கூடுகையில நிக்கலாமா, இல்ல கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கணுமா?

ரிட்டயர்ட் ஐயர் (சபை போதகர்):
தம்பி, எண்ணாகமம் 20ஐ எடுத்துப் படிங்க. தண்ணி இல்லன்னு சண்டை போட்ட ஜனங்களை மோசே கோபத்துல கலகக்காரரேன்னு திட்டிட்டு, தேவன் பேசச் சொன்ன கன்மலையை ரெண்டு தடவை அடிக்கிறார், தண்ணி வராம போகல, தாராளமா வந்தது, சபையும் குடிச்சது மிருகங்களும் குடிச்சது. ஆனா வாக்குத்தத்த தேசமான கானானுக்குள்ள போக முடியாம போனது மோசேக்குத்தான். இந்த ஊழியத்துல கோபத்தோட ஆபத்தே அதுதான், அது சில நேரம் பலன் கொடுத்துடும். அதட்டினா பயந்து ரெண்டு வாரம் குடிக்காம இருப்பான், நமக்கும் அதட்டுறதுதான் சரின்னு படும், அப்படியே பழகிடும். கட்டிப்போட்டு அடிச்சு திருத்துறோம்னு நடக்கிற இல்லங்களும் அப்படித்தான் உருவாகுது. மனநலச் சட்டம் 2017 சங்கிலி போடுறதை தடை பண்ணியிருக்கு, ஆனா எத்தனை குடும்பம் இன்னும் அதைத்தான் தேடிப்போகுது.

ஒதுங்க வேண்டாம். ஆனா இந்த சனிக்கிழமை ஜெபத்தை வேற யாராவது நடத்தட்டும், நீங்க டீ மட்டும் பாருங்க. கூட்டத்துக்கு முன்னாடி அந்த அண்ணனை தனியா கூப்பிட்டு, "அண்ணே, அன்னைக்கு பணம் வாங்கிட்டு போய் குடிச்சீங்க, எனக்கு ரொம்ப வருத்தமும் கோபமும் இருக்கு, இனிமே கையில காசு தரமாட்டேன், ஆனா திரும்ப ஆஸ்பத்திரிக்கு போகணும்னா நான் கூட வர்றேன்"னு நேரா சொல்லிடுங்க. நிதானமா இருக்கும்போது மட்டும் பேசுங்க, வாடை அடிச்சா அன்னைக்கு வேண்டாம். அவர் மறுத்து பேசினாலும் வாதாடாதீங்க. எங்க சேர்க்கிறதுன்னு தெரியலன்னா 14446க்கு போன் போடுங்க, போதை மீட்புக்கான அரசு எண், காசு கிடையாது. பேசிட்டு வந்து எப்படி போச்சுன்னு எழுதுங்க தம்பி.