சுக்குமல்லிப் பொடியைக் கடைகளில் வைக்க எப்படி அணுகுவது?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கருப்பட்டி சேர்த்த சுக்குமல்லிக் காப்பிப் பொடி தயாரித்து மூன்று ஆண்டுகளாக விற்று வருகிறேன். கருப்பட்டியை உடன்குடியிலிருந்து நேரில் போய் வாங்குகிறேன். சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், சிறிது திப்பிலி ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து, பக்கத்து மாவு மில்லில் அன்றைய மிளகாய் அரைப்புத் தொடங்குவதற்கு முன்பே காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்துக்கொள்கிறேன். இதுவரை விற்பனை முழுவதும் தெரிந்தவர்கள் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும்தான் நடந்திருக்கிறது. மாதத்துக்கு 250 பொட்டலங்கள் வரை போகின்றன. ஓர் ஆண்டாக அந்த எண்ணிக்கை அதற்குமேல் ஏறவில்லை.

200 கிராம் பொட்டலத்தை 130 ரூபாய்க்குத் தருகிறேன். எனக்கு அடக்கம் 90 ரூபாய் ஆகிறது. போன மாதம் துணிந்து ஏழு கடைகள் ஏறி இறங்கினேன். இரண்டு கடைகளில், "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் பணம் தருகிறோம்" என்றார்கள். ஒரு பெரிய டிபார்ட்மென்டல் ஸ்டோரில் பார்கோடு இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் யார் என்று கேட்டார்கள்; எனக்கு இரண்டும் இல்லை. ஒருவர் நூற்றுக்கு முப்பது கழிவு கேட்டார். மற்ற மூவரும் மாதிரிப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதன்பிறகு பேச்சில்லை.

கடைக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும், என்ன கழிவு நியாயம், விற்றபின் பணம் என்பதற்கு ஒப்புக்கொள்ளலாமா, எந்த வகைக் கடையில் தொடங்குவது நல்லது என்பதை, இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். என்னை நம்பி வேலைக்கு வருகிற இருவருக்கும் மாதம் முழுவதும் வேலை கொடுக்க வேண்டும் என்பதே என் கவலை.

மறுமொழி 1 (மதுரை, மளிகைக் கடை உரிமையாளர்)

சகோதரிக்கு வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு பேராவது உங்களைப் போல ஒரு பையில் பொட்டலங்களுடன் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் பொருள் நன்றாகவே இருக்கும், கணக்குத்தான் ஒத்துவராது. எனவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

130 ரூபாய் என்பது உங்கள் வீட்டு வாசலில் விற்கும் விலை. கடைக்கு எம்.ஆர்.பி.யில் நூற்றுக்கு 25 கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. அடக்கம் போக மிஞ்சும் ஏழரை ரூபாயில் ஆட்டோச் செலவும் சேதாரமும் அடங்காது. அந்த 90 ரூபாய்க்குள் உங்கள் சொந்தக் கூலியைச் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள். வீட்டிலிருந்து தயாரிக்கும் பெண்கள் பலர் அதை எழுதுவதே இல்லை. எம்.ஆர்.பி.யை 160 என்று வைத்தால், கடைக்கு 40 போக உங்களுக்கு 120 நிற்கும். அதில்தான் தொழில் நடத்த முடியும். 160 ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இல்லை என்று தோன்றினால், பொட்டலத்தை 100 கிராமாகச் சிறிதாக்குங்கள். கழிவைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் மன்றாடுவதால் பயன் இராது.

கழிவைப் பேசும்போது, அது எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 160 ரூபாய் எம்.ஆர்.பி.யில் 25 விழுக்காடு என்றால் 40 ரூபாய். நீங்கள் கொடுக்கும் 120 ரூபாயின் மேல் 25 விழுக்காடு என்றால் 30 ரூபாய்தான். ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இருவரும் வெவ்வேறு கணக்கில் நின்று, முதல் பில்லிலேயே மனக்கசப்பு வந்ததை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கடையில் 160 என்று இருக்கும் பொருளை வாட்ஸ்அப்பில் 130-க்குத் தொடர்ந்து விற்காதீர்கள். வாடிக்கையாளர் அதை என்னிடமே வந்து சொல்வார். அதோடு நான் உங்கள் சரக்கை எடுப்பதை நிறுத்திவிடுவேன்.

எப்போது போவது என்பதும் முக்கியம். மாதத்தின் முதல் பத்து நாள்களில் எந்த மளிகைக் கடைக்கும் போகாதீர்கள். சம்பளச் சரக்கு போடும் அவசரத்தில் நாங்கள் யாருக்கும் முகம் கொடுக்க மாட்டோம். மாதத்தின் பின்பாதியில், வார நாளில், காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். ஒரு தாளில் எம்.ஆர்.பி., கடைக்குரிய விலை, எத்தனை நாளில் கெடும், திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, தொலைபேசி எண் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளைக் கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. கொண்டு வருபவரிடம் உட்கார்ந்து பேசத் தோன்றுகிறது.

முதல் தடவை ஒரு டஜன் பொட்டலம் எடுப்பது கடைக்காரருக்குப் பெரிய காரியமில்லை. அந்த டஜன் விற்றுத் தீர்ந்து, இரண்டாம் டஜனை அவராகவே கேட்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் முப்பது கடைகளில் பரப்பாமல், உங்களால் வாரந்தோறும் நேரில் போக முடிந்த ஐந்தாறு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது பொட்டலத்தின் மேல் படிந்த தூசியைத் துடைத்து, பழைய தேதியை முன்னுக்கு நகர்த்தி, எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஓர் அம்மா என் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்க் நிறையக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து, சிறிய காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். அன்று மதியத்துக்குள் அவருடைய பதினொரு பொட்டலங்கள் போயின. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போனது நான்கு. சுக்கு வாசனை கடைக்குள் நிரம்பியபின் அதைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எந்தக் கடை என்று கேட்டிருந்தீர்கள். நாட்டு மருந்துக் கடைகளை விட்டுவிடாதீர்கள். சுக்கும் திப்பிலியும் தேடி வருகிறவர் அங்கேதான் வருகிறார். நூறு காப்பித்தூள் பொட்டலங்களுக்கு நடுவில் உங்கள் பொட்டலம் மறைந்துபோகிற நிலை அங்கே இல்லை. திருச்செந்தூர் போய்வருகிறவர்கள் ஊருக்குக் கருப்பட்டி வாங்கிப் போவது வழக்கமாதலால், அந்தச் சாலையோரக் கருப்பட்டிக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மறுமொழி 2 (ஈரோடு, சத்துமாவு தயாரிப்பாளர்)

அக்கா, "விற்றால் பணம்" என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன்.

தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒன்பது கிளைகள் உள்ள ஒரு கடைத் தொடர் என் சத்துமாவை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. கிளைக்கு நாற்பது வீதம் 360 பொட்டலங்களை ஒரே நாளில் இறக்கினேன். அவ்வளவு சரக்குக்கும் மூலப்பொருள் வாங்க நகையை வைத்துப் பணம் புரட்டியிருந்தேன். வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. பெரிய கடை என்ற நம்பிக்கைதான். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்த்தால், நான்கு கிளைகளில் பெட்டி பிரிக்கப்படாமலேயே கிடங்கில் கிடந்தது. முதல் பணம் வந்தபோது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. தேதி முடிந்துவிட்டதென்று 112 பொட்டலங்கள் திரும்பி வந்தன. அந்த மாவை மாட்டுக்குக்கூடத் தர முடியவில்லை, வண்டு விழுந்திருந்தது. அந்தப் பெட்டிகளைப் பிரித்த நாளை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த முறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெயர் தெரியாத கடையில் நுழைய அது ஒரு வழிதான். நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். முதல் முறை ஒரு கடைக்கு ஒரு டஜனுக்குமேல் வைப்பதில்லை. இரண்டு நகல் உள்ள சிட்டையில் எண்ணிக்கை, தேதி, விலை எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறேன். இருபது நாள் கழித்துப் போய், விற்றதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, விற்காததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேதி முடிய ஒரு மாதத்துக்குமேல் இருக்கும்போதே எடுத்துவிட்டால், அதை வேறு கடையில் வைத்து விற்றுவிட முடிகிறது. இரண்டாவது முறையிலிருந்து ரொக்கத்துக்குத் தருகிறேன். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு இரண்டு விழுக்காடு கூடுதல் கழிவு. விலை கொடுத்து வாங்கிய சரக்கைக் கடைக்காரர் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறார். பணம் கொடுக்காத சரக்கு கீழ்த்தட்டுக்குப் போகிறது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மூன்று கடைகளுக்கும் மறுபடி போங்கள், அக்கா. மாதிரி கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பத்து நாள் கழித்துப் போய், குடித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

நீங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், குழுக்களின் பொருள்களை விற்கும், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் "மதி" அங்காடிகளையும் விசாரியுங்கள். ரயில் நிலையங்களில் 2022-இல் தொடங்கிய "ஒரு நிலையம் ஒரு பொருள்" திட்டத்தில் குறுகிய காலத்துக்குக் கடை கிடைக்கிறது. அங்கே பெரிய விற்பனை நடக்காவிட்டாலும், எந்த அளவுப் பொட்டலத்தை மக்கள் கையில் எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியவரும்.

மறுமொழி 3 (திருச்சி, வரி ஆலோசகர்)

மற்றவர்கள் சொன்னவற்றோடு தாள் சம்பந்தமான சிலவற்றைச் சேர்க்கிறேன். கடைக்காரர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண்ணுக்காகத்தான். அதோடு தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, வரிகள் உட்பட்ட எம்.ஆர்.பி., தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், சேர்மானங்கள், சைவக் குறி, புகார் தெரிவிக்க வேண்டிய எண் ஆகியவை அச்சில் இருக்க வேண்டும். ஒரு கிராமின் விலையையும் போட வேண்டும். 200 கிராம் 160 ரூபாய் என்றால் கிராமுக்கு 80 காசு. பொட்டலமிடுவோர் பதிவு எடையளவுச் சட்டத்தின்கீழ் வருகிறது. நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. இவற்றில் குறை இருந்தால் சோதனையின்போது கடைக்காரரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் பலர் தயங்குகிறார்கள்.

பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் கேரளத்திலோ பெங்களூரிலோ உள்ள கடைக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் பில்லுக்கு முன்பே பதிவு எடுக்க வேண்டும். பார்கோடு ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பிடம் பெறுவது. 890 என்று தொடங்கும். ஐந்தாறு சிறு கடைகளுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இன்றே செய்துவிடுங்கள்; இணையத்தில், கட்டணமின்றிச் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, உங்களிடம் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். ஈரோட்டுச் சகோதரி சொன்ன விற்றபின் பணம் என்ற முறையில், கடை எந்த நாளில் வாங்கியதாகக் கொள்வது என்பதே தகராறாகிவிடும். ஆகவே அவர் சொன்ன கையெழுத்துச் சிட்டையை ஒருபோதும் விடாதீர்கள்.

கேள்வியாளர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் ஆலோசகர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து என் கூலியையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். அடக்கம் 90 இல்லை, 101 வருகிறது. இத்தனை நாள் அந்தப் பதினொரு ரூபாயை நான் கண்டுகொள்ளவே இல்லை. 160 ரூபாய்க்கு ஒரு புதிய உறையும், 100 கிராமுக்கு 85 ரூபாய் என்று ஒன்றும் அடிக்கக் கொடுக்கப் போகிறேன். நாட்டு மருந்துக் கடை ஒன்றில் இன்று காலை பேசினேன். ரொக்கத்துக்கு ஆறு பொட்டலம் கேட்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சுக்குக் காப்பி நன்றாகப் போகும். அதே மழையில் கருப்பட்டி ஈரம் இழுத்துப் பொடி கல்லாக இறுகிவிடுகிறது. வீட்டு வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கடையில் என்ன செய்வது?

மறுமொழி 4 (மதுரை, மளிகைக் கடை உரிமையாளர்)

கடையில் யாரும் பொறுக்க மாட்டார்கள். பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பழைய சரக்கு என்று வைத்துவிடுவார்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறையை விட்டுவிட்டு, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய உறைக்கு மாறுங்கள். வாயை அகலமாக வெப்பத்தில் ஒட்டுங்கள். அதைவிடவும் எனக்குச் சரியென்று படுவது, மழைக்காலத்துக்கு மட்டும் கருப்பட்டி கலக்காத சுக்குமல்லிப் பொடியை ஒரு சிறு உறையிலும், உடைத்த கருப்பட்டித் துண்டுகளை இன்னொன்றிலும் வைத்து, இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டியில் தருவது. கருப்பட்டியைக் கண்ணால் பார்த்து வாங்குவதை நம் மக்கள் விரும்புகிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய வருவதால் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின், அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே வாங்கிய பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டால் காட்ட வேண்டும்.

புரட்டாசிக்குள் கடைகளில் ஏறிவிடப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிய பொருளுக்கு எங்கள் ரேக்கில் ஒரு விரற்கடை இடம்கூட இருக்காது.