செய்திமடல்: அச்சா, பிடிஎஃப்பா? எதில் சுற்றுச்சூழல் சுமை குறைவு?

மடல்குழு (கேள்வி):
எங்கள் அமைப்பின் காலாண்டு மடல் 40 பக்கம், ஏ5 அளவு, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள், நடுவில் ஸ்டேப்பிள். 300 பிரதி. மரத்தை வெட்டாமல் பிடிஎஃப்புக்கு மாறுங்கள் என்கிறது ஒரு தரப்பு. போனும் கணினியும் மட்டும் சும்மா வருகிறதா என்கிறது இன்னொரு தரப்பு. பிடிஎஃப் 20 எம்பி. யாராவது கணக்கோடு சொன்னால் கூட்டத்தில் வைக்க வசதியாக இருக்கும்.

தாள்கணக்கு:
முதலில் எடை. பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், எனவே 80 ஜிஎஸ்எம்மில் ஒரு தாள் 5 கிராம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 பக்கம் நாலு, எனவே 40 பக்கத்துக்கு மடித்த தாள் பத்து, அதாவது பிரதிக்கு 50 கிராம். வருடத்துக்கு 1,200 பிரதி, 60 கிலோ. கிலோ தாளுக்குத் தோராயமாக ஒரு கிலோ கரியமில வாயு என்று வைக்கலாம். மரக்கூழ்க் கழிவான கருந்திரவத்தையே எரித்து ஓடும் ஆலையில் இது குறையும், நிலக்கரியில் ஓடுவதில் ஏறும். ஆக உங்கள் ஒரு வருட மடல் முழுவதும் சேர்ந்து, ஒரே ஒரு ஸ்மார்ட்போன் தயாரிப்பில் வெளியாகும் அளவை ஒட்டித்தான் வரும்.

இனி திரை. மின்சாரம் யூனிட்டுக்கு அரை கிலோ கரியமில வாயு என்று வைத்து, ஒரு மணி நேர வாசிப்பு:
போன், 4 வாட்: 2 கிராம்
மடிக்கணினி, 30 வாட்: 15 கிராம்
மேசைக்கணினியும் மானிட்டரும், 100 வாட்: 50 கிராம்

கடைசி வரியைக் கவனியுங்கள். மேசைக்கணினியில் ஒரு மணி நேரம் படித்தால் அச்சுப் பிரதிக்குச் சமம். அதையே மறுபடி திறந்தால் மறுபடி 50. தாளை நாலு பேர் படித்தாலும் அதே 50.

பசைவாளி:
மேலே உள்ளது மின்சாரம் மட்டும். போனில் பெரும்பங்கு உமிழ்வு தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. 60 கிலோ என்று எடுத்து, தினம் 3 மணி நேரம், 3 வருடம் என்று பரப்பினால் மணிக்குச் சுமார் 18 கிராம். ஐந்து வருடம் வைத்திருந்தால் 11. இந்தப் பங்கை மடலின் தலையில் கட்டலாமா என்பதில்தான் சண்டையே. போன் எப்படியும் கையில் இருக்கிறது, மடலுக்காக யாரும் புதிதாக வாங்கப்போவதில்லை என்றால் கட்டத் தேவையில்லை என்பது என் பக்கம். உறுப்பினர்களுக்கு டேப்லெட் வாங்கித் தரும் யோசனை இருந்தால் கணக்கே தலைகீழ்.

கழிவையும் சேருங்கள். 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

மடல்குழு:
அப்படியானால் அச்சையே தொடரலாமா?

அச்சுமேசை:
அவசரப்படாதீர்கள். படிக்கப்படாத பிடிஎஃப்புக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, படிக்கப்படாத பிரதிக்கு முழுச் செலவு. 300இல் எத்தனை பேர் பிரிக்கிறார்கள் என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. பிடிஎஃப்பைப் பொதுவாக்கி, கேட்பவருக்கு மட்டும் அச்சு என்று வையுங்கள்.

குறைந்த பிரதிக்கு ஆஃப்செட் (தகடு செய்து ஓட்டும் அச்சு) வேண்டாம். மையும் நிறமும் ஒத்துவரும்வரை ஓட்டிக் கழிக்கும் தாளே நூற்றுக்கணக்கில் போய்விடும். டிஜிட்டல் அச்சில் அந்தக் கழிவு சில தாளோடு நிற்கும்.

பிடிஎஃப்பில் பெரிய ஓட்டை, வாசகரே பிரிண்ட் எடுப்பது. ஏ5 பக்கத்தைப் பிரிண்டர் பெரும்பாலும் ஏ4 அளவுக்கு ஊதிவிடும். ஒரு பக்கமாக அடித்தால் 40 தாள், 200 கிராம். நீங்கள் அச்சிட்டுத் தந்திருந்தால் 50! இதைத் தடுக்க:
போனில் பெரிதாக்காமல் படிக்கும்படி ஒற்றைப் பத்தி, பெரிய எழுத்து. இரட்டைப் பத்தி வைத்தால் இங்கும் அங்கும் இழுத்துச் சலித்துப்போய்ப் பிரிண்ட் போடுவார்கள்.
முதல் பக்கத்திலேயே ஒரு வரி: பிரிண்ட் எடுத்தால் 'புக்லெட்', இருபக்கம், குறுகிய விளிம்பில் திருப்பு. நீண்ட விளிம்பு என்று விட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும், மொத்தமும் குப்பை.
பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும்.

படங்களை 300 டிபிஐயிலிருந்து (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) 150க்கு இறக்கினால் பிக்சல் நாலில் ஒரு பங்காகும். 20 எம்பி கணிசமாக இளைக்கும். மின்னஞ்சலில் இணைக்காமல் சுட்டி அனுப்புங்கள். இணைப்பு குறியீடாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும், 300 பெட்டியிலும் உட்காரும். ஆனாலும் இதெல்லாம் சில்லறை. பழைய மின்னஞ்சலை அழித்துப் பூமியைக் காக்கும் பிரசாரத்தில் நேரம் போக்க வேண்டாம். போனை ஒரு வருடம் கூடுதலாக வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு.

மடல்குழு:
அட்டைக்கு லேமினேஷன் போடுகிறோம். மறுசுழற்சிக்கு இடைஞ்சலா?

பசைவாளி:
ஆமாம். மறுசுழற்சி ஆலையின் சல்லடையில் பிளாஸ்டிக் படலம் பிரியும்போது கூடவே நல்ல இழையையும் இழுத்துக்கொண்டு போகும். யூவி (புற ஊதா ஒளியில் இறுகும்) மை, யூவி வார்னிஷ் இரண்டும் கெட்டியான துகளாக உடையும். மை நீக்கும் தொட்டியில் குமிழோடு மேலே வர அந்தத் துகள் பெரிது, அதனால் மறுசுழற்சித் தாளில் கரும்புள்ளியாகத் தங்கும். முதுகில் சூடான பசை போட்டு ஒட்டுவது அதைவிடத் தொல்லை. உருகிப் பிசுபிசுத்து உருளையில் ஒட்டினால் ஓடும் தாளே அறுந்துவிடும். ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆலையில் இரும்பு தானாகவே பிரிந்துவிடும். அட்டைக்கு 170 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாள் போதும். மடிப்பில் வெடிக்காமலிருக்க இழை ஓடும் திசை மடிப்புக்கு இணையாக வரும்படி வெட்டச் சொல்லுங்கள்.