பாதுகாப்பற்ற உணவைத் திரும்பப் பெறுவது: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். நுகர்வோர் கூட்டம் ஒன்றில் பேசுவதற்காகத் தகவல் திரட்டுகிறேன். அமெரிக்காவில் 2011-ல் புதிய சட்டம் வரும்வரை, குழந்தைகளுக்கான பால்மாவு தவிர மற்ற உணவுகளைத் திரும்பப் பெறச் சொல்லி எஃப்டிஏ (அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) கட்டாயப்படுத்த முடியாமல் இருந்தது. நிறுவனம் மனது வைத்தால்தான் உண்டு. இப்போதும், தாங்களாகவே திரும்பப் பெற நிறுவனத்துக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் உத்தரவு. உயிர் போகிற விஷயத்தில் இந்தத் தாமதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: விற்றுப்போன பாக்கெட்டை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? சில பாக்கெட்டுகளில் பேட்ச் எண் ஈரக்கை பட்டாலே அழிந்துவிடுகிறதே! திரும்பி வந்த சரக்கை அழித்தார்களா என்று யார் சரிபார்ப்பது? உணவுப் பாதுகாப்புத் துறையிலோ கிடங்கிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், நடைமுறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். கூட்டம் அடுத்த வாரம்.