சபையில் கிடைத்த சொந்தங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாசரேத்திலிருந்து:
ஆராதனை முடிந்ததும் "தோத்திரம் பிரதர்" என்று கைகுலுக்குவதை இங்கே சேர்க்க வேண்டாம். சபையில் யாராவது உங்களைச் சொந்த வீட்டு ஆளாக நடத்தியிருந்தால் அதை எழுதுங்கள். எங்கள் பக்கம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தில் ஊரே பந்தியில் உட்காரும், இந்து வீடுகளிலிருந்தும் வருவார்கள். அது ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் நடந்ததைச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:
கணவர் மஸ்கட்டில். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் என்றபோது வீட்டில் நானும் பள்ளிக்கூடம் போகிற மகளும்தான். எப்படியோ பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்று முதலில் கேட்டது, "ஏன் எங்களுக்குச் சொல்லலை?" சரியான திட்டு. ஆறுதல் வசனமெல்லாம் இல்லை. அப்புறம் ஒரு காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில், யார் எந்த ராத்திரி மாமியாருக்குத் துணையாகப் படுப்பது என்று எழுதினார். ரத்தம் கொடுக்க வாலிபர் சங்கப் பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவன் அதுவரை எங்களோடு பேசியதே இல்லை. மகளுக்குப் பரீட்சை நேரம் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. துணைக்கு வந்தவர்களிடமும் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை. "எங்க அம்மா இதைவிட மோசம்" என்று சிரித்துவிட்டு மறுபடியும் வந்தார்கள். வெளி ஆள் செய்தால் நன்றி சொல்லி முடித்துவிடலாம். இவர்களிடம் நன்றி சொன்னால் கோபம் வருகிறது! இப்போது அந்த அக்கா வீட்டு விசேஷம் என்றால் முதல் நாளே போய்த் தேங்காய் துருவுவது நான்தான்.

மதுரையிலிருந்து:
எனக்கு இரண்டும் நடந்தது. வேலை மாறிப் போன ஊரில் முதல் ஞாயிறே ஒரு பெரியவர் அன்பாகப் பேசினார். எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருவிருந்தில் அவரும் நானும் ஒரே பாத்திரத்தில்தான் பானம்பண்ணுகிறோம்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை வைத்துக்கொண்டே அன்பைக் கேட்டார், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளைக்காரர்கள் போய்ப் பல காலமாயிற்று. இன்று அதை நமக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே ஆலயத்தில் மணியடிக்கிற அண்ணன், "தனியாத்தானே இருக்கீங்க, வாங்க தம்பி" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒற்றை அறை, மீன்குழம்பு. தெருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெரியப்பா இடத்தில் உட்கார்ந்து பேசியவர் அவர்தான்.

ஈரோட்டிலிருந்து:
மதுரைத் தம்பிக்கு: அந்தத் தெருக் கேள்வி எங்களிடமும் கேட்டார்கள், நாங்கள் சபையையே மாற்றிவிட்டோம். நிற்க, மே மாதம் புனேவுக்குக் குடிபோகிறோம். அங்கே தமிழ் ஆராதனை நடக்கும் சபை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். வீட்டு ஜெபக்கூட்டமும் இருந்தால் நல்லது, அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது.